மாநிலப் போட்டி நம் ஊரில் நடந்தால் பக்கத்துக் கடைக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் டிபன் கடை நடத்துகிறீர்கள். பள்ளி மாணவிகளுக்கான மாநில அளவிலான வாலிபால் போட்டி மூன்று நாள் மதுரையில் நடக்கப்போகிறது என்றும், ஏரியா கடைகளுக்கெல்லாம் நல்ல வரும்படி என்றும் சொல்லி நன்கொடை கேட்டு வந்திருக்கிறார்கள். இதனால் நிஜமாகவே லாபம் உண்டா, கூட ஒரு அடுப்பும் ஒரு ஆளும் போடலாமா என்று கேட்கிறீர்கள். நன்கொடை விஷயம் மேலே தெரிகிற கேள்வி. உள்ளே இருப்பது வேறு: வெளியூரிலிருந்து வருகிற பணம் யார் கல்லாவில் விழும், அதில் என் கல்லாவும் ஒன்றா? அதற்குப் பதில் சொல்கிறேன், நன்கொடைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில் சின்னக் கடைகள், மெஸ்கள், லாட்ஜுகளுக்குக் கணக்கு எழுதி வரி தாக்கல் செய்து தருகிறேன். கல்லூரியில் கபடி ஆடிய பழக்கத்தில் சில போட்டிகளின் ஏற்பாட்டுக் குழுக் கணக்கையும் பார்த்திருக்கிறேன். அதாவது செலவழிக்கிறவன் நோட்டும் தெரியும், சம்பாதிக்கிறவன் நோட்டும் ஓரளவு தெரியும். நோட்டில் ஏறாத ரொக்க வியாபாரம் எனக்குத் தெரியாது. டீக்கடை, இட்லிக்கடைகளில் அதுதான் பெரிது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வியாபாரத்துக்கு உதவுவது எத்தனை பேர் விளையாட வருகிறார்கள் என்பதல்ல, எத்தனை பேர் இரவு தங்குகிறார்கள் என்பது. காலையில் திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஆடிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிற பிள்ளையால் ஊருக்குப் புதுப் பணம் எதுவும் வருவதில்லை. மேலூரில் செலவாகியிருக்க வேண்டிய பத்து இருபது ரூபாய் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் செலவாகும், அவ்வளவே. பக்கத்துப் பள்ளிகள் மட்டும் மோதுகிற குறுவட்டப் போட்டி, அதற்கு மேலே வருகிற வருவாய் மாவட்டப் போட்டி எல்லாம் இந்த ரகம். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டத்தில் தொடங்கி மாநில அளவு வரை பள்ளிப் போட்டிகள் படிப்படியாக நடக்கும். குடியரசு தின விழா, பாரதியார் தின விழாப் போட்டிகள் என்று பெயர் இருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். இதில் கடைசிப் படிக்கு மட்டும்தான் வெளியூர் அணிகள் பெட்டி படுக்கையோடு வரும். உங்களிடம் சொல்லப்பட்டிருப்பது மாநில அளவு என்பதால் இந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

ஆனால் மாநில அளவு என்றதும் 38 மாவட்டம், 38 அணி, மூன்று நாள் என்று பெருக்கிவிடாதீர்கள். நன்கொடை கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் பெருக்குவார்கள். ஒரு கணக்குக்கு, அணிக்கு 12 மாணவிகளும் கூட வரும் ஆசிரியர்கள் 2 பேரும் என்று வைத்துக்கொள்வோம். 38 அணிக்கு 532 பேர். மூன்று இரவு என்றால் 1,596 சாப்பாட்டு இலை, படுக்கை என்று கணக்கு ஓடும். (மதுரை அணி வீட்டில் தூங்கும், அதைப் பேச்சுக்கு விட்டுவிடுவோம்.) இப்போது ஃபிக்ஸ்சரை, அதாவது யார் யாரோடு எப்போது ஆடுவது என்ற அட்டவணையைப் பாருங்கள். தோற்றால் வெளியே என்கிற நாக்-அவுட் என்றால் முதல் நாளே 38 அணி 32 ஆகி, 32 அணி 16 ஆகிவிடும். தோற்ற 22 அணிகளும் அன்று மாலையே பையைத் தூக்கிவிடும். இரண்டாம் நாள் முடிவில் நாலு அணிதான் மிச்சம். முதல் நாளுக்கு முந்தின இரவு 38 அணி, அடுத்த இரவு 16, அதற்கடுத்து 4. கூட்டினால் 58 அணி-இரவு, ஆளுக்குக் கணக்கிட்டால் 812. சொன்னதில் பாதி. அதுவும் பெரும்பகுதி முதல் இரவிலும் மறுநாள் காலையிலும் குவிந்துவிடும். இதே போட்டியை, தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு என்கிற லீக்காக நடத்தினால் அணிகள் கூட நாள் நிற்கும், வியாபாரமும் பரவலாக நடக்கும். எந்த வியாபாரியும் ஃபிக்ஸ்சர் என்ன என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் கேளுங்கள்.

தோற்ற அணிகள் எல்லாமே உடனே கிளம்பிவிடும் என்றும் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ வந்த பிள்ளைகளை மீனாட்சியம்மன் கோவிலுக்கும் திருமலை நாயக்கர் மஹாலுக்கும் கூட்டிப்போகாமல் எந்த பி.டி. டீச்சரும் ஊருக்குத் திரும்ப முடியாது, பிள்ளைகள் விடமாட்டார்கள். அந்த அரைநாள் செலவு கோவிலைச் சுற்றியுள்ள வளையல் கடைக்கும் ஜிகர்தண்டா கடைக்கும் போகும். மதுரைக்கு நல்லது. ரேஸ்கோர்ஸில் இருக்கிற உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது, பணம் யார் கையில் இருக்கிறது என்பது. அரசுப் பள்ளிப் பிள்ளையின் பையில் அம்மா கொடுத்தனுப்பிய ஐம்பதோ நூறோ இருக்கும். அதையும் கடைசி நாளில் தம்பிக்கு ஏதாவது வாங்கிப் போகத்தான் முடிந்து வைத்திருக்கும். தங்குவது பெரும்பாலும் நடத்துகிற பள்ளியின் வகுப்பறையில், பெஞ்சை ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்து. சாப்பாடு ஏற்பாட்டுக் குழுவின் சமையல் காண்ட்ராக்டில். மூன்று வேளையும் அங்கேயே பந்தி. ஆக, பெரிய பணம் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் மொத்தமாக இறங்கும்: சமையல் காண்ட்ராக்ட், பந்தல்-நாற்காலி-மைக்செட், ஃப்ளெக்ஸும் சான்றிதழும் அச்சடிக்கிற இடம், வேன். கேடயமும் மெடலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சரக்கு வேறு ஊரில் செய்தது. பந்தும் வலையும் மீரட், ஜலந்தர் பக்கத்துத் தயாரிப்பு. அந்த ரூபாயில் கடைக்காரரின் கமிஷன்தான் மதுரையில் நிற்கும். சமையல் காண்ட்ராக்டில் போகிற பணம் அப்படியில்லை. காய்கறி மாட்டுத்தாவணி மார்க்கெட்டில், அரிசி கீழமாசி வீதியில், மாவாட்டுகிறவருக்கும் பாத்திரம் விளக்குகிறவருக்கும் கூலி இங்கேயே. என்னைக் கேட்டால் ஒரு போட்டியின் செலவில் ஊருக்குள்ளேயே அதிகம் சுற்றுவது சாப்பாட்டுப் பணம்தான்.

அப்படியானால் மைதானத்துக்குப் பக்கத்துக் கடைக்கு ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. முதல் காசு பார்ப்பது ஜெராக்ஸ் கடை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுதிப் படிவம், ஆதார் நகல், பிறந்த தேதிச் சான்று, தலைமையாசிரியர் முத்திரை போட்ட போட்டோ என்று கேட்பார்கள். எப்படியும் நாலு அணி ஏதாவது ஒரு நகலை மறந்துவிட்டு வரும். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் திறந்து வைத்திருக்கிற ஜெராக்ஸ்காரருக்கு அன்றைக்கு யோகம். அப்புறம் மருந்துக்கடை: கிரேப் பேண்டேஜ், வலி ஸ்ப்ரே, குளுக்கோஸ், சானிடரி நாப்கின். மாணவிகள் போட்டி என்பதால் கடைசியாகச் சொன்னதைக் கூடுதலாக வைத்திருக்கும்படி உங்கள் தெரு மருந்துக்கடைக்காரரிடம் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். தடகளம் என்றால் செஸ்ட் நம்பர் குத்த ஊக்கு கூட ஒரு சரக்குதான். வாழைப்பழத் தள்ளுவண்டி, ஐஸ்கட்டி விற்கிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

டிபன் கடைக்குக் கிடைப்பது பிள்ளைகளின் சாப்பாடு அல்ல, பெரியவர்களின் டீயும் காலை டிபனும். நடுவர்கள், ஸ்கோரர்கள், பி.டி. சார்கள், டீச்சர்கள், வேன் டிரைவர்கள் இவர்கள்தான் உங்கள் வாடிக்கை. பந்தியில் சாப்பாடு இருந்தாலும் ஐந்தரை மணிக்கே எழுந்தவருக்கு எட்டரை வரை தாங்காது. என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு கடையில், போட்டி நாட்களின் கியூஆர் பணவரவுப் பட்டியலைப் பார்த்தால் இந்த உருவம் அப்படியே தெரியும். விடிவதற்கு முன்பே பன்னிரண்டு, பதினைந்து, இருபத்துநாலு என்று சின்னத் தொகைகள் வரிசையாக விழும். ஏழு மணிக்கு மேல் அறுபது, எண்பது. பத்து மணிக்குப் பிறகு சாதாரண நாளைவிடக் குறைவு, ஏனென்றால் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். இரவு எட்டுக்கு மேல் மறுபடி ஒரு எழுச்சி, அது பரோட்டாக் கடைக்கு. பிள்ளைகளிடம் போன் இருக்காது, அதனால் அவர்கள் வாங்குவது இந்தப் பட்டியலில் வராது என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரு நஷ்டமும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. மைதானத்தில் போட்டி என்றால் காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இடம் இருக்காது. கே.கே. நகர், ரிசர்வ் லைன், பீபிகுளம் பக்கமிருந்து தினமும் வந்து, நடந்து முடித்து, உங்கள் கடையில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் சாப்பிட்டு அரசியல் பேசுகிறவர்கள் அந்த மூன்று நாளும் வேறு எங்காவது போய்விடுவார்கள். தொடக்க விழாவுக்கு அமைச்சர் வந்தால் தெருவோர வண்டிகளை எடுக்கச் சொல்வார்கள், கடை வாசலில் பைக் நிறுத்த முடியாது. வந்த கூட்டத்திலிருந்து இந்தக் கழிவைப் போட்டால்தான் உண்மையான கூடுதல் தெரியும். சில கடைகளுக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

லாட்ஜுக்கும் இதே மாதிரி ஒரு கழிவு இருக்கிறது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜுகள் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களால் எப்படியும் நிறைந்துவிடும். அந்தச் சமயத்தில் ஒரு அணி வந்து பத்து அறை எடுத்தால் பத்து சாமிமார் குழு வேறு இடம் தேடும். ஊருக்குக் கூடுதல் எதுவும் இல்லை, ஆள்தான் மாறுகிறது. அதே போட்டி ஆடியில் நடந்தால் அறையும் காலி, கல்யாண மண்டபமும் காலி, சமையல் மாஸ்டரும் வேலையில்லாமல் இருப்பார், வருகிற ஒவ்வொரு ரூபாயும் புதுசு. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. 24 நாடுகள். அதற்காக நம் ரேஸ்கோர்ஸிலேயே புது ஹாக்கி மைதானமும் வந்தது. ஊருக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி அணிகள் பெரிய ஹோட்டலில் தங்கி, உணவுக் கட்டுப்பாட்டோடு அங்கேயே சாப்பிட்டு, பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவை. டிபன் கடைக்கு அதைவிட 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டு நெருக்கமானது. சென்னை, திருச்சி, கோவையோடு மதுரைக்கும் பங்கு வந்தது, இங்கே கோ-கோவும், பஞ்சாபின் தற்காப்புக் கலையான கட்காவும் நடந்தன. வட மாநிலத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்த மேனேஜர்களை அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஒரு போட்டியால் ஊரின் மொத்த வருமானம் கூடுகிறதா என்ற பெரிய கேள்வியில் ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகச் சந்தேகக்காரர்கள். அமெரிக்காவில் பாடே, பாமன், மேத்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள், கல்லூரி அணிகளின் அமெரிக்க ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பெரிய வியாபாரமாக நடக்கிற 63 நகரங்களின் வருமானத்தை 1970 முதல் 2004 வரை எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆட்டங்களால் நகரத்தின் வருமானம் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அங்கே ஒரு ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் நம் மாநிலப் போட்டிக்கு வருவதைப் போல எத்தனையோ மடங்கு. அதை அப்படியே மதுரைக்குப் பொருத்தக் கூடாது என்பது சரி. ஆனால் காரணம் இங்கேயும் அதேதான்: உள்ளூர்க்காரர் பணம் இடம் மாறுகிறது, வெளியூர்ப் பணம் பாதி வெளியூருக்கே திரும்புகிறது, வழக்கமான வாடிக்கை ஒதுங்குகிறது. சின்னப் போட்டிகளுக்கு ஒரு சாதகமும் உண்டு. அதற்கென்று புதுசாக எதுவும் கட்ட வேண்டியதில்லை, இருக்கிற மைதானம், இருக்கிற பள்ளி, இருக்கிற அடுப்பு. செலவு குறைவு என்பதால் சின்ன லாபமும் லாபமாகவே நிற்கிறது.

என் அனுபவத்தில் தெருக் கடைகளுக்கு அதிகம் கொடுப்பது பெரிய போட்டியே அல்ல. தனியார் பள்ளிகளும் கிளப்புகளும் நடத்துகிற செஸ், ஸ்கேட்டிங், நீச்சல் போட்டிகள். பத்து வயதுப் பிள்ளை தனியாக வராது. அப்பா, அம்மா, சில சமயம் பாட்டியும் சேர்ந்து காரில் வருவார்கள். பிள்ளை உள்ளே நாலு மணி நேரம் காய் நகர்த்திக்கொண்டிருக்க, வெளியே பெற்றவர்களுக்கு வேறு வேலையே கிடையாது. காபி, டிபன், மறுபடி காபி, மதியம் நல்ல ஹோட்டலில் சாப்பாடு, நேரம் இருந்தால் சுங்கடிச் சேலை. முந்நூறு பிள்ளைகள் வரும் செஸ் போட்டி, ஐந்நூறு அரசுப் பள்ளி வீராங்கனைகள் வரும் வாலிபாலைவிடப் பக்கத்துக் கடைகளுக்கு லாபம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். இதனால் எது நல்ல போட்டி என்று தீர்ப்பு சொல்லவில்லை. அந்த வாலிபால் பிள்ளைகளில் நாலு பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டு கிடைக்கலாம், அதன் மதிப்பு என் கணக்கு நோட்டில் வராது.

இன்னொன்று, திரும்பத் திரும்ப நடப்பது. கோவில்பட்டியில் ஹாக்கி, பெரியகுளத்தில் கூடைப்பந்து என்று வருடா வருடம் நடக்கிற ஊர்களில் லாட்ஜ்காரர், மெஸ்காரர் எல்லோருக்கும் எந்த வாரம் என்ன வேண்டும் என்று கைப்பழக்கம் வந்துவிடும், அணிகளும் அதே மெஸ்ஸைத் தேடி வரும். ஒரு தடவை வந்துவிட்டு அடுத்த வருடம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிற மாநிலப் போட்டிக்கு இது பொருந்தாது. அதனால்தான் கூட ஒரு அடுப்பு, ஒரு ஆள் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: வேண்டாம். மூன்று நாளுக்காகக் கடன் வாங்காதீர்கள், சாமான் வாங்கிக் குவிக்காதீர்கள். அந்த மூன்று நாளும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையைத் திறங்கள். முதல் நாளைக்கு மட்டும் மாவை ஒன்றரை மடங்கு ஆட்டுங்கள், இரண்டாம் நாளிலிருந்து வழக்கமான அளவு போதும். அவித்த முட்டை, வாழைப்பழம் இரண்டையும் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தைக் காலையில் விளையாடுகிறவர்கள் தொட மாட்டார்கள், வடையை டிரைவர்களுக்கு என்று அளவாகப் போடுங்கள்.

கொஞ்சம் பெரிதாக ஏதாவது வேண்டுமென்றால் கல்லாவை நம்பாமல் ஆர்டரைத் தேடுங்கள். நடுவர்களுக்குக் காலை டிபன் பார்சல், மாலை டீயும் சுண்டலும் என்று ஒரு சின்ன ஆர்டரை ஏற்பாட்டுக் குழுவிடம் கேட்டு வாங்கலாம். முக்கியக் காண்ட்ராக்டைக் கேட்காதீர்கள், தாங்காது. இங்கே ஒரு எச்சரிக்கை. அரசுப் பணத்தில் நடக்கிற போட்டியில் பில் முறையாக இருக்கவேண்டும், பெரிய தொகைக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிற கடையைத்தான் விரும்புவார்கள். வருட விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கிற உங்களைப் போன்ற கடைக்கு அந்த எண் கட்டாயமில்லை, அதனாலேயே ஆர்டர் கைநழுவலாம். ஆர்டர் கிடைத்தாலும் பணம் கையில் வர மாதங்கள் ஆகலாம். என் வாடிக்கையாளர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நிதியாண்டு முடிகிற வரை பாக்கிக்கு நடந்தார், அத்தனை நாளும் மளிகைக் கடனுக்கு வட்டி ஓடியது. பாதி முன்பணம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். முன்பணம் கேட்டால் கோபித்துக்கொள்கிற குழு பாக்கியைக் கேட்டாலும் கோபித்துக்கொள்ளும்.

இனி நன்கொடை. லாபம் வரும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள், உங்கள் அளவுக் கடைக்கு அது திரும்பி வருவது சந்தேகம். ஏரியாவில் முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்று தோன்றினால் மனதுக்குப் பட்டதைக் கொடுங்கள். கொடுப்பதை விளம்பரமாகக் கொடுப்பது நல்லது. மைதான நுழைவாசல் ஃப்ளெக்ஸில் கடைப் பெயரும் எந்தத் திருப்பம் என்ற வழியும் வரவேண்டும், ரசீதிலும் விளம்பரக் கட்டணம் என்றே எழுதித் தரவேண்டும். முழுக் கணக்கு எழுதுகிற கடையானால் அது வியாபாரச் செலவில் போகும். விற்பனையில் 8 சதவீதம், 6 சதவீதம் என்று அனுமான வருமானம் காட்டித் தாக்கல் செய்கிறவரானால் தனியாக எதுவும் கழிக்க முடியாது, அப்போது ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் வித்தியாசம் இல்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு நாள் காலை நடுவர்களுக்கு டீயும் டிபனும் நம் கடையிலிருந்து என்று சொல்லிப் பாருங்கள். அடக்கவிலைதான் ஆகும், உங்கள் இட்லியை வெளியூர் பி.டி. சார்கள் சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள், அடுத்த இரண்டு நாள் அவர்களாகவே கடையைத் தேடி வரவும் கூடும். அவர்கள் வந்தால் வழக்கமான விலைக்கே கொடுங்கள். போட்டி நாளில் இரண்டு ரூபாய் ஏற்றிய டீக்கடையைப் பற்றி பி.டி. சார்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உடனே பேச்சு வந்துவிடும்.